பத்தாவது மிதி

நம் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பிகள் படிக்க ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கத்துக்காரர்கள் வீட்டுக்கு வந்தார்கள். பிரேக் மாற்றுவது எப்படி என்று எழுதச் சொன்னார்கள். அதை எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். எந்த நட்டை எந்தப் பக்கம் திருகுவது என்று வண்டிக் கம்பெனியே படம் போட்டுப் புத்தகம் கொடுக்கிறது. நான் அஞ்சாங்கிளாஸ் தாண்டாதவன். அந்தப் புத்தகத்தில் நான் பார்த்ததெல்லாம் படம் மட்டும்தான். அப்படியிருந்தும் கடலூரில் முப்பத்தெட்டு வருஷம் பிரேக் வேலை பார்த்தேன். கரும்பு லோடு, கல்யாணக் கார், மீன் வண்டி, ஆம்புலன்ஸ் எல்லாம் என்னிடம்தான் வந்தன. என் கை படாத வண்டி இந்த ஊரில் ஓடியிருக்கலாம், நின்றிருக்காது.

செய்த தவறுகளையும் எழுதுங்கள், தம்பிகளுக்குப் பிரயோஜனமாக இருக்கும் என்றார்கள். யோசித்துப் பார்த்தேன். மொத்தம் இரண்டு தேறியது. ஒன்று, என் மச்சானைத் தொழிலில் கூட்டுச் சேர்த்தது. அதற்கும் பிரேக்குக்கும் சம்பந்தமில்லை. ஆகவே இரண்டாவதை எழுதுகிறேன்.

செம்மண்டலத்தில் ரோட்டை ஒட்டி என் ஷெட். எதிரே பக்கிரியின் டீக்கடை. பிரேக் வேலை முடிந்த வண்டியை நான் சாவியோடு அப்படியே கொடுத்து அனுப்புவதில்லை. கொஞ்ச தூரம் ஓட்டிக்கொண்டு போய், திருப்பி, வேகமாக வந்து, டீக்கடைக்கு நேராக ஒரே மிதி. டயர் கத்த வேண்டும். ரோட்டில் கறுப்பாகக் கோடு விழ வேண்டும். கோடு விழுந்தால் பிரேக் பிடிக்கிறது. கோடு எவ்வளவு குட்டையோ பிரேக் அவ்வளவு உசத்தி. இது எங்கள் பக்கத்துச் சட்டம். பக்கிரி டீ ஆற்றுகிற குவளையை வைத்துவிட்டு இறங்கி வந்து, ஒரு செருப்பின் நுனியில் இன்னொரு செருப்பின் குதியை ஒட்டி ஒட்டி வைத்து அளப்பார். "ஒம்போதடி!" என்பார். கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் தலையாட்டுவார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு சைக்கிள்கூடக் கிடையாது.

அந்தக் கோடு வண்டிக்காரர்களுக்குப் பெரிய கௌரவம். "எனக்கு எட்டடிதான் விழுந்துது" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார்கள். ஒரு வட்டச் செயலாளர் தன் கோட்டுக்குப் பக்கத்தில் கைகூப்பி நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார். ரோடு போட்ட காலத்தில் அவர் அந்தப் பக்கம் வந்ததில்லை.

இந்தப் பரீட்சையில் கேள்வி ஒன்றே ஒன்றுதான். முதல் மிதிக்கு வண்டி நிற்குமா? இன்னொரு கேள்வியும் இருக்கிறது என்று ஒருவன் எனக்குச் சொன்னான். அவன் சம்பளத்துக்கு வண்டி ஓட்டுகிறவன். அதனால் எனக்குக் காது கேட்கவில்லை.

இரண்டாயிரத்துப் பதினொன்று, பன்னிரண்டு வாக்கில் கரண்ட் எப்படிப் போய்க்கொண்டிருந்தது என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கரண்ட் இருக்கிற நேரத்தை எண்ணுவதுதான் சுலபம். அந்தக் காலத்தில் சிதம்பரத்தில் கோவிந்தன் என்று ஒருவர் ஜெனரேட்டர் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்கு நாள் பார்க்கப் போகிறவர்கள் முதலில் கோவிந்தனிடம் போய் மெஷின் எந்தத் தேதியில் சும்மா இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு, அப்புறம்தான் ஜோசியரிடம் போனார்கள். ஜோசியரும் அதற்கேற்றபடி கிரகங்களை நகர்த்திக் கொடுத்தார். சக்கரம் வைத்த வண்டியில் ஏற்றிய பெரிய ஜெனரேட்டர் அது. கனம் இரண்டு டன். அந்தச் சக்கரங்களுக்குத் தனியாகப் பிரேக் கிடையாது. அதை இழுப்பதற்கென்று கோவிந்தன் பழைய பிக்கப் லோடு வண்டி ஒன்றை வாங்கினார். ஓட்டுவதற்கு அருளப்பன் என்ற டிரைவரை வைத்திருந்தார். கம்மாபுரம் பக்கத்து ஆள். முப்பது வயசு இருக்கும். வாயைத் திறக்கவே காசு கேட்பான் போலிருக்கும்.

ஒரு நாள் காலை இரண்டு பேரும் காலி பிக்கப்பில் வந்து இறங்கினார்கள்.

"மேஸ்திரி, பிரேக்கு சுத்தமா இல்ல. முன்னாடி பேட மாத்திடுங்க. இருக்கறதுலயே பெஸ்ட்டு எதுவோ அதப் போடுங்க" என்றார் கோவிந்தன்.

சக்கரத்து டிஸ்க் தட்டைக் கவ்வி நிறுத்துகிற பேட் என் மேசையில் இரண்டு தினுசுப் பெட்டியில் இருந்தது. ஒன்று வண்டிக் கம்பெனியின் பெட்டி. சாம்பல் நிறத்தில், ரேஷன் கடை சாமான் மாதிரி இருக்கும். அந்தப் பேடைப் போட்டால் மிதி மந்தமாக இருக்கும்; வண்டி நிதானமாக நிற்கும்; கோடு விழாது. இன்னொரு பெட்டியின் மேல் ஒரு கழுகு, அதன் கீழே ஒரு பந்தயக் கார், காரின் பின்னால் நெருப்பு. டை கட்டிய ஒருவர் பைக்கில் வந்து மூன்று செட் இறக்கிவிட்டுப் போயிருந்தார். "தொட்டா நிக்கும் சார்" என்பது அவர் வேதம். அடுத்த வருஷம் அதே டையோடு தண்ணீர் சுத்திகரிக்கிற மெஷின் விற்க வந்தார். அதையும் தொட்டால் போதும் என்றார்.

நான் கழுகைத் திறந்தேன். அருளப்பன் பக்கத்தில் வந்து நின்றான்.

"மாமா, இந்த வண்டிக்கி ஒரு கொணம் இருக்குது. மொத மிதிக்கெல்லாம் நல்லாத்தான் நிக்கிது. ஜெனரேட்டர இழுத்துக்கினு நாலு ஊரு தாண்டுனா மிதி மாறிப் போவுது. கட்டைய மிதிக்கிற மாரி ஆயிடுது."

"மெதுவா போடா. ஒனக்கு என்னா அவசரம்?" என்றார் கோவிந்தன்.

"மெதுவாத்தாண்ணே போறேன். ஊருக்கு ஊரு வேகத்தட போட்டிருக்கான். மிதிச்சு மிதிச்சு சூடாயிடுதுண்ணே."

"அவன் காலு அப்பிடி மேஸ்திரி. பிரேக்கு மேலயே வச்சிக்கினு ஓட்டுவான். நீங்க போடுங்க."

போட்டேன். மத்தியானம் பரீட்சை. நானே ஓட்டினேன். டீக்கடைக்கு நேராக ஒரு மிதி. வண்டி தரையில் ஆணி அடித்த மாதிரி நின்றது. பக்கிரி இறங்கி அளந்தார். இரண்டு தடவை அளந்தார்.

"ஆறடி!"

ஷெட் திறந்த நாளிலிருந்து ஆறடி விழுந்ததில்லை. கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். கோவிந்தன் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நானும் அந்தக் கையை ரொம்ப நேரம் குலுக்கவிட்டேன்.

அருளப்பன் மட்டும் கோட்டைப் பார்க்கவில்லை. "ஜெனரேட்டர மாட்டிக்கினு ஒருவாட்டி பாத்துட்டா நல்லா இருக்கும் மாமா" என்றான்.

"ஜெனரேட்டரு எங்க?"

"மண்டபத்துல. கல்யாணத்துல ஓடிக்கினு இருக்கு."

"அப்ப மாப்ளயையும் பொண்ணையும் சேத்தே இழுத்துக்கினு வந்துடறியா? மாட்டிப் பாத்துடலாம்!"

டீக்கடை சிரித்தது. நான் சொன்ன நகைச்சுவைகளில் அது ஒன்றும் பெரிதில்லை. ஆனால் ஆறடிக் கோடு போட்டவன் எதைச் சொன்னாலும் சிரிப்பார்கள். அருளப்பனும் கொஞ்சம் சிரித்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மூன்று வாரம் போயிருக்கும். ஷெட் வாசலில் அதே பிக்கப் வந்து நின்றது. பின்னாலேயே இன்னொரு வண்டியில் வெள்ளைச் சட்டை போட்ட நாலு பேர்.

நடந்தது இதுதான். நெய்வேலியில் ஒரு விசேஷத்தை முடித்துக்கொண்டு ஜெனரேட்டரோடு சிதம்பரம் திரும்பியிருக்கிறான் அருளப்பன். அடுத்த கல்யாணம் நடக்கிற மண்டபத்து வாசலில் நிறுத்த மிதித்திருக்கிறான். வண்டி நிற்காமல் மூன்றடி முன்னே போய், வாசலில் கட்டியிருந்த பிளெக்ஸ் பேனரின் மூங்கிலைச் சாய்த்துவிட்டது. பேனர் குப்புற விழுந்தது. அதில் கைகூப்பியபடி ஒரு தலைவர், அவரைச் சுற்றி வட்ட வட்டமாக இருபத்தாறு முகங்கள். ஆளை இடித்திருந்தால் ஒரு வீட்டுக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். பிளெக்ஸை இடித்தால் இருபத்தேழு பேருக்குச் சொல்ல வேண்டும். அதில் நாலு முகங்கள்தான் இப்போது நேரில் வந்திருந்தன.

"வண்டில கோளாறா, டிரைவர்கிட்ட கோளாறா? அதச் சொல்லுங்க மொதல்ல" என்றார் அவர்களில் தடிமனானவர். "டிரைவரு வேணும்னே ஏத்துனான்னா அது வேற மாரி போவும்."

"நான் முழுசா மிதிச்சேன் மாமா" என்றான் அருளப்பன். "ஒடம்பு மொத்தத்தையும் வச்சி மிதிச்சேன். நிக்கல."

கோவிந்தன் என்னைப் பார்த்தார். டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் எழுந்து வந்து நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் ரோட்டில் என் ஆறடிக் கோடு இன்னும் அழியாமல் கிடந்தது.

சக்கரத்தைக் கழற்றினேன். பேடின் முகம் கண்ணாடி மாதிரி பளபளத்தது. டிஸ்க் நீலம் பாய்ந்திருந்தது. கருகின வாடை. பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. ஆறியிருக்கும்போது கவ்விப் பிடிக்கிற பேட் இது. சூடு ஏறினால் வழுக்குகிறது. காலி வண்டியில் ஒரு மிதி மிதித்தால் சூடு ஏறாது. இரண்டு டன்னைப் பின்னால் மாட்டி இருபது மிதி மிதித்தால் ஏறும். அவன் முதல் நாளே சொன்னது அதைத்தான்.

தம்பிகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அழுத்தத்தில் முடிவெடுப்பது என்று பெரிய பெரிய ஆட்கள் பேசுகிறார்கள். என்ன அழுத்தம் என்று நான் சொல்கிறேன். முன்னால் வெள்ளைச் சட்டை நாலு பேர். பின்னால் டீக்கடைக்காரர்கள் பன்னிரண்டு பேர். கையில் பளபளக்கிற பேட். உண்மையைச் சொன்னால் கடலூரில் பிரேக்குக்கு நான்தான் என்ற பேர் அன்றைக்கே போகும். பொய்யைச் சொன்னால் சம்பளத்துக்கு வந்தவன் ஒருவனுடைய பேர் போகும். எது கனம் குறைந்த பேரோ அதைத் தள்ளிவிட்டேன்.

"பேடு நல்லாத்தான் இருக்குது. காலுதான் சரியில்ல. மேலயே வச்சி ஓட்டித் தீச்சுட்டான்" என்றேன்.

கோவிந்தனுக்கு நிம்மதி. வெள்ளைச் சட்டைகளுக்கும் நிம்மதி. டிரைவரை இப்போதே வேலையை விட்டு நிறுத்திவிட்டேன் என்று கோவிந்தன் சொன்னதும், பிளெக்ஸுக்கு நியாயம் கிடைத்துவிட்டதென்று நாலு முகங்களும் வண்டியேறிவிட்டன.

அருளப்பன் முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த மாதா படத்தைப் பெயர்த்து எடுத்தான். சீட்டில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டான். என்னருகே வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னான்.

"சக்கரத்தக் கழட்டனப்ப நான் சக்கரத்தப் பாக்கல மாமா. ஒங்க மூஞ்சியத்தான் பாத்தேன்."

போய் பஸ் ஏறிவிட்டான்.

அப்புறம் நான் செய்தது இன்னும் அழகு. அதே கழுகுப் பெட்டியில் இன்னொரு செட் எடுத்து மாட்டினேன். சாம்பல் பெட்டியை எடுத்தால், பழசு சரியில்லை என்று நானே சொன்ன மாதிரி ஆகிவிடுமே.

அதற்குப் பிறகு கோவிந்தனே வண்டியை ஓட்ட ஆரம்பித்தார். ஒரு முகூர்த்த நாளில் நான் சிதம்பரத்தில் ஒரு சொந்தக்காரக் கல்யாணத்தில் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். மண்டபத்து வேலை முடிந்து அவர் ஜெனரேட்டரை மாட்டிக்கொண்டிருந்தார். அடுத்ததாகக் கடலூரில் ஏதோ பொதுக்கூட்டமாம்.

"பஸ்ஸு என்னாத்துக்கு மேஸ்திரி? ஏறுங்க. நீங்க போட்ட பிரேக்க நீங்களே பாருங்க."

ஏறினேன். ஊரை விட்டு வெளியே வந்ததும் முதல் வேகத்தடை. தொட்டார். நின்றது. "எப்பிடி?" என்பது போல என்னைப் பார்த்தார். நான் மீசையைத் தடவிக்கொண்டேன். அந்த ரோட்டில் வேகத்தடைக்குப் பஞ்சமா? பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, கோயிலுக்கு ஒன்று, பஞ்சாயத்துத் தலைவர் வீட்டுக்கு இரண்டு. ஐந்தாவதோ ஆறாவதோ தாண்டியபோது அவர் பேச்சு நின்றது. காலைத் தூக்கித் தூக்கி வைக்க ஆரம்பித்தார். புதுச்சத்திரம் தாண்டினோம். கருகின வாடை எனக்கு வந்தது. அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்து, "எவனோ டயர கொளுத்தறான்" என்றார். யாரும் கொளுத்தவில்லை.

வளைவு திரும்பியதும் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. வண்டிகள் வரிசையாக நின்றன. வரிசையின் கடைசியில் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஒன்று. காதுகுத்துக்குப் போகிற ஜனம் அதன் பின்பக்கம் நிறைய உட்கார்ந்திருந்தது. இரண்டு பெண்கள் பின்கதவு மேல் காலைத் தொங்கப்போட்டிருந்தார்கள். ஒருத்தி மடியில் சீர்வரிசைத் தட்டு.

கோவிந்தன் மிதித்தார். வண்டி குறையவில்லை. பின்னால் இரண்டு டன் எங்களைத் தள்ளிக்கொண்டு வருகிறது. எழுந்து நின்று மிதித்தார்.

"கியர எறக்குய்யா! கியர எறக்கு! எடது பக்கம் ஒடி!" என்று கத்தினேன்.

ஒடித்தார். ரோட்டோரம் சவுக்கு நட்டிருந்த மணல். அதற்குள் இறங்கி, நாலைந்து கன்றுகளைப் படுக்கவைத்து, மணலில் சக்கரம் புதைந்து வண்டி நின்றது. ஜெனரேட்டர் ஒரு பக்கமாகச் சாய்ந்து முனகியது. குட்டியானையில் இருந்த பெண்கள் திரும்பி எங்களைப் பார்த்தார்கள். எங்களுக்கு அவசரமாக ஒதுங்க வேண்டியிருக்கும்போல என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

கோவிந்தன் இன்னும் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.

"முழுசா மிதிச்சேன் மேஸ்திரி. சத்தியமா முழுசா மிதிச்சேன்."

"தெரியும்" என்றேன்.

சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார். பிறகு மெதுவாக, "அப்ப அருளப்பன்?" என்றார்.

நான் கதவைத் திறந்து, சாய்ந்த ஜெனரேட்டரைப் பார்க்க இறங்கினேன். அவரும் பின்னாலேயே இறங்கினார். ரயில் போய், கேட் திறந்து, வண்டிகளெல்லாம் கிளம்பிய பிறகு, "வெளிய தெரிய வேணாம் மேஸ்திரி. ரெண்டு பேருக்கும் மரியாத இருக்குது" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. இரண்டு பெரிய மனிதர்கள் சவுக்குத் தோப்பில் நின்று ஒப்பந்தம் பேசிக்கொண்டோம். டிராக்டர் வைத்து வண்டியை இழுத்தோம். கடலூர் வரை முதல் கியரிலேயே ஊர்ந்து வந்தோம்.

அந்த ஒப்பந்தம் சரியாக எட்டு நாள் தாங்கியது.

ஒன்பதாம் நாள் ஒரு போன். கடலூரில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் பஸ்களைக் கவனித்துக்கொள்கிற மேனேஜர்.

"மேஸ்திரி, அருளப்பன்னு ஒரு டிரைவரு வேலைக்கி வந்திருக்காரு. நல்லாத்தான் ஓட்டிக் காட்டுனாரு. ஆனா அவுரு காலு சரியில்லன்னு நீங்க சொன்னதா சிதம்பரத்துல நாலு பேரு சொல்றாங்க. எங்கயுமே சேத்துக்க மாட்றாங்களாம். நெசமா?"

"ஆளு நல்ல ஆளுதான்..." என்று இழுத்தேன். "காலுதான் கொஞ்சம்..."

"கொஞ்சம்னா?"

நான் போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினேன்.

"பஸ்ஸுல அறுவது புள்ளைங்க போவுது மேஸ்திரி. பிரேக்கு விஷயத்துல நீங்க ஒரு வார்த்த சொன்னா நான் அதுக்கு மேல யாரையும் கேக்க மாட்டேன். அதான் கேக்குறேன்."

என் வார்த்தைக்கு அவ்வளவு கனம் உண்டு என்று எத்தனையோ வருஷமாக நானே ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அது உண்மை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தெரிந்தபோது சந்தோஷமாக இல்லை. நான் ஒரு பேடைக் காப்பாற்றச் சொன்ன வார்த்தை, ஊர் ஊராக நடந்துபோய் ஒருத்தன் சாப்பாட்டுத் தட்டை இழுத்துக்கொண்டிருந்தது.

போனிலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அது எனக்கும் மேனேஜருக்கும் மட்டும்தான் தெரிந்திருக்கும். பொய்யைச் சொன்னது அத்தனை பேர் முன்னால்.

"வெள்ளிக்கிழம காலையில ஷெட்டுக்கு வாங்க சார். நேர்ல காட்றேன்" என்றேன்.

மறுநாள் கம்மாபுரத்துக்குப் பஸ் ஏறினேன். விசாரித்து வீட்டுக்குப் போனால் வாசலில் அவன் மனைவி மேரி முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வாங்க. கால பாக்கவா வந்தீங்க?"

"இல்லம்மா..."

"ஏங்க, வெளிய வாங்க! கடலூர்லேருந்து ஒங்க கால பாக்க டாக்டரு வந்திருக்காரு!"

முப்பத்தெட்டு வருஷத்தில் என்னை யாரும் அப்படிப் பேசியதில்லை. உள்ளேயிருந்து வந்த அருளப்பன் சிரிக்கவில்லை, உட்காரவும் சொல்லவில்லை. கரும்பு டிராக்டர் ஓட்டிக்கொண்டிருக்கிறானாம், அதுவும் ஆள் வராத நாளில் மட்டும். வெள்ளிக்கிழமை விஷயத்தைச் சொன்னேன்.

"எத வச்சி காட்டுவீங்க மாமா?"

"நீயே சொல்லு."

யோசிக்கவே இல்லை. ரொம்ப நாளாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருப்பான் போலிருக்கிறது.

"அதே வண்டி. பின்னாடி ஜெனரேட்டரு மாட்டியிருக்கணும். அதே கழுகுப் பேடு, புதுசு. ஒரு மிதி இல்ல, வரிசயா பத்து மிதி. அப்பறம் கம்பெனிப் பேடு, அதுலயும் பத்து. ஒங்க ஷெட்டு ரோடு வேணாம், ஜனம் நடக்குற எடம். அப்பறம் கழுகுப் பேட நான் ஓட்ட மாட்டேன். மறுபடியும் என் காலுன்னுவீங்க. நீங்க ஓட்டுங்க."

கோவிந்தன் முதலில் ஜெனரேட்டரைத் தர முடியாது என்றார். சவுக்குத் தோப்பைப் பற்றிப் பக்கிரியிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். தந்துவிட்டார்.

ஊருக்கு வெளியே மனை போட்டு விற்கிற இடம் ஒன்று இருந்தது. வாசலில் வளைவு, நேராகத் தார் ரோடு, ரோட்டோரம் கலர் கொடிகள். வீடு மட்டும்தான் இல்லை. மனை விற்கிறவர், இவ்வளவு பேர் வருகிறார்களே என்று எல்லாருக்கும் மோர் கொடுத்து, ஆளுக்கொரு வரைபடமும் கொடுத்தார். டீக்கடை மொத்தமும் வந்திருந்தது. பள்ளிக்கூட மேனேஜர் ஓரமாக நின்றார்.

என்னிடம் கடைசியாக இருந்த கழுகுப் பெட்டியைப் பிரித்து மாட்டி, நான் ஏறி உட்கார்ந்தேன். கோடிவரை போய்த் திரும்பி வந்து, ஒரு மிதி. பக்கிரி அளந்தார்.

"ஒம்போதடி! ஜெனரேட்டரோட ஒம்போதடி!" கை தட்டினார்கள்.

இரண்டு, மூன்று, நாலு. ஐந்துக்கு மேல் கைதட்டல் குறைந்தது. ஏழில் எனக்கு அந்த வாடை வந்தது. ஒன்பதில் கொடிக் கம்பம் ஒன்றைத் தாண்டித்தான் நின்றேன். பத்தாவது மிதி. கட்டையை மிதிப்பது என்றால் என்ன என்று என் காலுக்குத் தெரிந்தது. சீட்டில் முதுகை முட்டுக்கொடுத்து மிதித்தேன். கொடிகள் போயின. மோர்ப்பானை போயிற்று. வாசல் வளைவுக்கு அடியில் போய்த்தான் வண்டி நின்றது. பக்கிரி அளப்பதை விட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடிவந்தார்.

கீழே இறங்கினேன். நானாகத்தான் சொன்னேன்.

"முழுசாத்தான் மிதிச்சேன்."

டீக்கடை அன்றைக்குச் சிரித்த மாதிரி என் எந்த நகைச்சுவைக்கும் சிரித்ததில்லை.

சூடு ஆறியதும் டிஸ்க்கைத் தேய்த்துச் சுத்தம் செய்து, சாம்பல் பெட்டிப் பேடை மாட்டினேன். அருளப்பன் ஓட்டினான். முதல் மிதியில் வண்டி நிதானமாக வந்து ஒரு கொடிக் கம்பத்துக்கு நேராக நின்றது. ஜனத்துக்கு ஏமாற்றம்.

"ஒண்ணுமே வுழல மேஸ்திரி. நான் என்னாத்த அளக்கறது?" என்றார் பக்கிரி.

இரண்டாவது அதே கம்பம். ஐந்தாவது அதே கம்பம். அதற்குள் பாதிப் பேர் மனை வரைபடத்தைப் பார்க்கப் போய்விட்டார்கள். பத்தாவது மிதியில் முன்சக்கரம் அதே கம்பத்தைத் தாண்டி ஒரு முழம் போயிருக்கும். அவ்வளவுதான். மேனேஜர் மட்டும் கடைசிவரை நகராமல் நின்று பார்த்தார்.

இழுவை வண்டிக்குப் பேட் தேடுகிற தம்பிகளுக்கு என் பாடம் இதுதான். பெட்டியைப் பார்க்காதீர்கள். காலி வண்டியை நம்பாதீர்கள். பின்னால் எதை மாட்டப் போகிறானோ அதை மாட்டி, ஆளில்லாத இடத்தில் பத்துத் தடவை மிதித்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். முதல் மிதிக்கு நிற்காத பேடை எவனும் விற்பதில்லை.

மேனேஜர் என்னிடம் வந்தார். "அப்ப அன்னிக்கி காலு சரியில்லன்னு சொன்னது?"

எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். "அன்னிக்கே எனக்குத் தெரியும் சார். சக்கரத்தக் கழட்டனப்பவே தெரியும். பேட நான்தான் தப்பா போட்டேன். பழிய அவன் கால் மேல போட்டேன். அவன் காலு நல்ல காலு."

யாரும் கை தட்டவில்லை. பக்கிரி செருப்பில் ஒட்டிய தாரைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

கோவிந்தன்தான் முதலில் சுதாரித்தார். "சரி சரி, போவட்டும் அருளு. மனசுல வச்சிக்காத. நாளைலேருந்து நீயே வண்டிய எடுத்துக்க."

அருளப்பன் வண்டிச் சாவியை அவர் கையில் வைத்தான்.

"நான் வாயால சொன்னப்ப யாரும் நம்பலண்ணே. இன்னிக்கி வண்டி சொல்லுது, நம்புறீங்க. நாளைக்கி வேற வண்டி வேற மாரி சொல்லும்."

கோவிந்தனுக்கும் சேர்த்து நான்தான் தலையைக் குனிந்துகொண்டேன். அருளப்பன் மேனேஜர் பக்கம் திரும்பினான்.

"திங்கக்கெழம எத்தன மணிக்கி சார் வரணும்?"

"ஆறரைக்கி வந்தா போதும்பா."

"அஞ்சரைக்கி வர்றேன் சார். புள்ளைங்க ஏர்றதுக்கு முன்னாடி பத்துவாட்டி மிதிச்சுப் பாக்கணும்."